மனுக்களுக்காக வழக்காடிய முன்னாள் அதிபர்



அமெரிக்க அதிபர்கள் என்றால் நம் மேடைகளில் லிங்கன் வருவார், கென்னடி வருவார். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பவர் அந்நாட்டின் 6-ஆவது அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1825 முதல் 1829 வரை நான்கே ஆண்டுகள் பதவியில் இருந்தார். அந்த நான்கு ஆண்டுகளில் அவரால் நிறைவேற்ற முடிந்தது சொற்பம். மறு தேர்தலில் படுதோல்வி. அதன் பிறகு, வேறு எந்த அமெரிக்க அதிபரும் இன்று வரை செய்யாத ஒன்றை அவர் செய்தார். நம் மக்களவைக்கு நிகரான பிரதிநிதிகள் அவைக்கு, ஒரு தொகுதியின் சாதாரண உறுப்பினராகப் போட்டியிட்டு வென்று போனார். சாகும்வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருடைய அரசியல் வாழ்வின் சாரம் அந்த 17 ஆண்டுகளில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. அதிலும், மக்கள் எழுதி அனுப்பும் மனுவை அவை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவர் நடத்திய எட்டாண்டுப் போராட்டத்தைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

பிறப்பு வளர்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1767 ஜூலை 11 அன்று மாசசூசெட்ஸில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் பிறந்தார். அவர் பிறந்த பகுதி பின்னால் குவின்சி என்று தனி ஊராயிற்று. தந்தை ஜான் ஆடம்ஸ் விடுதலைப் போரின் முன்னணித் தலைவர், பிற்காலத்தில் 2-ஆவது அதிபர். தாய் அபிகெயில் கூர்மையான அறிவும் கடிதக் கலையும் கைவரப்பெற்றவர். 1775 ஜூன் 17, பங்கர் ஹில் சண்டை நடந்த அன்று, தாயும் ஏழு வயது மகனும் வீட்டுக்கு அருகிலிருந்த குன்றின் மேல் நின்று சார்ல்ஸ்டவுன் ஊர் எரிவதைப் பார்த்தார்கள். பையனின் அடிபட்ட விரலை வெட்டி எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்த குடும்ப மருத்துவர் ஜோசப் வாரன் அந்தச் சண்டையில் உயிர் விட்டார். முதுமையிலும் ஆடம்ஸ் அந்த நாளை மறக்கவில்லை. தான் அனுபவிக்கும் உரிமைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது அவருக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வந்த செய்தி அல்ல.

பத்து வயதில் தந்தையோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். 14 வயதில், ரஷ்யாவுக்குத் தூது போன பிரான்சிஸ் டேனாவுக்குச் செயலாளராகவும் துபாஷியாகவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனார். டேனாவுக்குப் பிரெஞ்சு போதாது, ரஷ்ய அரசவையோ பிரெஞ்சில்தான் பேசியது. 1779-இல் தொடங்கிய நாட்குறிப்பைக் கடைசிக் காலம்வரை எழுதினார். அது 51 தொகுதிகள், 14,000 பக்கங்களுக்கு மேல். ஹார்வர்டில் பட்டம், பிறகு வழக்கறிஞர் தொழில், பிறகு வாஷிங்டன் அதிபராக இருந்தபோதே நெதர்லாந்துக்குத் தூதர். பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் என்று தூதர் பணி நீண்டது. 1814-இல் பிரிட்டனுடனான போரை முடித்து வைத்த கென்ட் உடன்படிக்கைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1817 முதல் எட்டு ஆண்டுகள் அதிபர் மன்றோவின் வெளியுறவு அமைச்சர். ஸ்பெயினிடமிருந்து புளோரிடாவைப் பெற்றுத் தந்த 1819-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர் கைவண்ணம். மன்றோ கோட்பாடு என்று இன்றும் பேசப்படுகிறதே, அதன் கருத்திலும் பெரும் பங்கு அவருடையது.

இடையில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் தாண்டிப் போக மனமில்லை. 1803-இல் அவர் பெடரலிஸ்ட் கட்சி சார்பில் செனட் உறுப்பினரானார். லூசியானா நிலப்பரப்பை வாங்கியதைக் கட்சி எதிர்த்தது, இவர் ஆதரித்தார். 1807-இல் எதிர்க்கட்சி அதிபர் ஜெபர்சன் கொண்டுவந்த வணிகத் தடைச் சட்டம் நியூ இங்கிலாந்தின் துறைமுகங்களை முடக்கக்கூடியது. அதையும் நாட்டு நலன் கருதி ஆதரித்தார். கட்சி கொதித்தது. பதவிக்காலம் முடிவதற்கு வெகு முன்னரே அவர் இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அவமானப்படுத்தியது. 1808-இல் அவர் பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார். பின்னாளில் அவையில் தனியாக நின்றபோது அவர் தடுமாறாததற்கு இந்தப் பழைய பயிற்சியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1824 தேர்தலில் நால்வர் போட்டியிட்டார்கள். தேர்வாளர் வாக்குகள் 261. வெல்ல 131 வேண்டும். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, கிராபோர்டுக்கு 41, ஹென்றி கிளேக்கு 37. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் அரசியலமைப்புப்படி முடிவு பிரதிநிதிகள் அவைக்குப் போயிற்று. அங்கே ஒரு மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நான்காவதாக வந்த கிளே, அந்த அவையின் சபாநாயகர். அவருடைய ஆதரவு ஆடம்ஸ் பக்கம் சாய்ந்தது. 24 மாநிலங்களில் 13 ஆடம்ஸுக்கு விழுந்தன. பதவியேற்கும் முன்பே கிளேயை வெளியுறவு அமைச்சராக அறிவித்தார் ஆடம்ஸ். பேரம் நடந்துவிட்டது என்று ஜாக்சன் தரப்பு முழங்கியது. அடுத்த நான்கு ஆண்டுகளும் அந்த முழக்கம் ஓயவில்லை. பேரம் நடந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முந்தி வந்தவரை ஒதுக்கி அமர்ந்த ஆட்சிக்கு அந்த நியமனம் மாறாத களங்கம் என்பதை ஆடம்ஸ் உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. அது அவருடைய பெரிய பிழை.

அதிபராக அவர் கண்ட கனவுகள் பெரியவை. தேசியப் பல்கலைக்கழகம், வானாய்வு நிலையம், சாலைகள், கால்வாய்கள், அறிவியல் பயணங்கள் என்று 1825 டிசம்பரில் காங்கிரசுக்கு அனுப்பிய முதல் உரையிலேயே அடுக்கினார். காங்கிரஸ் கேலி செய்தது. மக்களிடம் எடுத்துச் சொல்லி ஆதரவு திரட்டும் கலையும் அவருக்கு வாய்க்கவில்லை. தான் கடுகடுப்பானவன், பிறரோடு எளிதில் ஒட்டாதவன் என்று நாட்குறிப்பிலேயே ஒப்புக்கொண்டவர் அவர். எதிரணிக்கு வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தும் அதிகாரிகளைப் பதவியிலிருந்து தூக்க மறுத்தார். நான்கு ஆண்டுகளில் அவர் நீக்கியவர்கள் 12 பேர்தான். கூட்டத்தை அவர் கவர்ந்த ஒரே தருணம் 1828 ஜூலை 4 அன்று வந்தது. செசபீக்–ஒகையோ கால்வாய்க்கு முதல் மண் வெட்டும் விழா. மண்வெட்டி ஒரு வேரில் இடித்து நின்றது. மீண்டும் வெட்டினார், இறங்கவில்லை. மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓங்கி வெட்டி மண்ணை அள்ளினார். அங்கு கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். தன் பேச்சைவிட மேலங்கியைக் கழற்றியதுதான் ஜனங்களைத் தொட்டது என்று அவரே வியந்து குறித்து வைத்தார். அந்த ஆண்டுத் தேர்தலில் ஜாக்சனுக்கு 178 வாக்கு, ஆடம்ஸுக்கு 83.

தோற்றுப் போன அடுத்த வசந்தத்தில் மூத்த மகன் ஜார்ஜ் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து மாண்டான். ஆடம்ஸுக்கு அப்போது 61 வயது. பொதுவாழ்வு முடிந்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். 1830-இல் பிளிமத் தொகுதிக்காரர்கள் அவரைப் பிரதிநிதிகள் அவைக்குப் போகக் கேட்டார்கள். அதிபராக இருந்தவருக்கு அது இழுக்கல்லவா என்ற பேச்சு எழுந்தபோது, மக்களின் பிரதிநிதியாக இருப்பது எவருக்கும் இழுக்கு ஆகாது, ஊர் நிர்வாகக் குழுவில் இருப்பதும் இழுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். மனைவி லூயிசாவுக்கும் இளைய மகனுக்கும் இதில் விருப்பமில்லை. வென்ற அன்று, வேறு எந்தப் பதவியும் தனக்கு இவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார்.

1831 டிசம்பர் 12 அன்று, அவைக்கு வந்த ஒரே வாரத்தில், அவர் எழுந்து 15 மனுக்களை முன்வைத்தார். பென்சில்வேனியா மக்கள் அனுப்பியவை. தலைநகர் அமைந்த கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையையும் அடிமை வாணிபத்தையும் ஒழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. மனுவை முன்வைத்த கையோடு, இந்தக் கோரிக்கையைத் தாம் ஆதரிக்கவில்லை என்றும் சொன்னார். இதை மறைக்கக் கூடாது. அடிமை முறையை அவர் வெறுத்தார். 1820-இல் மிசௌரியை அடிமை மாநிலமாகச் சேர்க்கும் விவகாரம் வெடித்தபோதே அது நாட்டைப் பிளக்கும் என்று நாட்குறிப்பில் எழுதியிருந்தார். ஆனால் அமைச்சராகவும் அதிபராகவும் இருந்த 12 ஆண்டுகளில் வெளியே வாய் திறக்கவில்லை. 1812 போரில் பிரிட்டிஷ் படையோடு தப்பிப்போன அடிமைகளுக்காக அவர்களின் எசமானர்களுக்கு இழப்பீடு வாங்கித் தர வாதாடியவரும் இவரே. இப்படிப்பட்ட மனிதரைப் பத்து ஆண்டுகளில் வேறொரு ஆளாக மாற்றியது அந்த மனுக்கள்தாம்.

ஏன் கொலம்பியா மாவட்டம் என்று கேட்கலாம். மாநிலங்களுக்குள் அடிமை முறையில் தலையிடக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்பது அன்றைய பொதுவான புரிதல். தலைநகர் மாவட்டமோ நேரடியாகக் காங்கிரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே அடிமைகளை அடைத்து வைத்து விற்கும் கொட்டடிகள் இயங்கின. 1830 கணக்கெடுப்பில் நாட்டின் அடிமைகள் 20 லட்சம் பேர். அவர்களில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்து அடிமை மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் கொடுத்திருந்தது அரசியலமைப்பு. வாக்கில்லாதவர்களின் தலையை எண்ணி, அவர்களைக் கட்டி வைத்திருப்பவர்களுக்கு வாக்கு வலிமை தரும் ஏற்பாடு.

1833-இல் அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் தொடங்கியதும் மனு இயக்கம் பெருகிற்று. மனு என்றால் ஒற்றைத் தாள் அல்ல. கோரிக்கை வாசகம் அச்சிட்ட துண்டை ஒரு வெள்ளைத் தாளின் தலைப்பில் ஒட்டுவார்கள். கீழே கையெழுத்து நிரம்ப நிரம்ப அடுத்த தாளை ஒட்டிக்கொண்டே போவார்கள். பலவற்றில் ஆண்களுக்கு ஒரு பத்தி, பெண்களுக்கு ஒரு பத்தி. பெண்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கினார்கள், திட்டு வாங்கினார்கள், அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. சட்டமன்றத்தோடு அவர்களுக்கு இருந்த ஒரே தொடர்பு இந்தச் சுருட்டிய தாள்தான்.

தென்மாநில உறுப்பினர்கள் இதைப் பொறுக்கவில்லை. 1836 மே 26 அன்று, தென் கரோலினாவின் ஹென்றி லாரன்ஸ் பிங்க்னி கொண்டுவந்த தீர்மானம் 117-க்கு 68 என்ற வாக்கில் நிறைவேறியது. அடிமை முறை பற்றி எந்த வடிவில் எந்த மனு வந்தாலும் அச்சிடாமல், குழுவுக்கு அனுப்பாமல், உடனே கிடப்பில் போட வேண்டும். அதன் மேல் வேறு நடவடிக்கை கூடாது. வரலாற்றில் இது வாய்ப்பூட்டு விதி என்று பெயர் பெற்றது. விவாதத்தில் பேச எழுந்த ஆடம்ஸை உட்கார வைத்தார்கள். என் வாயைப் பூட்டியிருக்கிறதா இல்லையா என்று சபாநாயகரைப் பார்த்துக் கத்தினார். வாக்கெடுப்பில் தம் பெயரை அழைத்தபோது ஆம், இல்லை என்பதற்குப் பதிலாக, இது அரசியலமைப்புக்கும் அவை விதிகளுக்கும் என் தொகுதி மக்களின் உரிமைக்கும் நேர் விரோதம் என்று கூச்சலுக்கு நடுவே சொல்லி முடித்தார்.

அவருடைய அரசியல் அறிவின் உச்சம் அதற்குப் பிறகு எடுத்த நிலையில் தெரிகிறது. அடிமை ஒழிப்பை அவர் வாதப் பொருளாக்கவில்லை. மனு கொடுக்கும் உரிமையை வாதப் பொருளாக்கினார். அரசியலமைப்பின் முதல் திருத்தம், குறை தீர்க்கக் கோரி அரசுக்கு மனுச் செய்யும் உரிமையைப் பேச்சுரிமை, சமய உரிமை ஆகியவற்றோடு சேர்த்துக் காக்கிறது. வடமாநிலங்களில் கறுப்பின மக்களைப் பற்றிக் கவலையே படாத வெள்ளையர் ஏராளம். ஆனால் தான் கையெழுத்திட்ட காகிதத்தை வாங்கிப் பார்க்காமல் ஒருவன் மூலையில் எறிகிறான் என்றால் அவர்களுக்கும் சுருக்கென்றது. ஓர் இனத்தை அடிமையாக வைத்திருக்க வேண்டுமானால் மற்றவர்களின் வாயையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதை எந்தச் சொற்பொழிவாலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்க முடியாது. தென்மாநிலத்தாரே அதைக் காட்டிக் கொடுத்தார்கள். ஆடம்ஸ் ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் அதை மீண்டும் மீண்டும் காட்ட வைத்தார்.

விளைவு, விதி வந்த பிறகு மனுக்கள் குறையவில்லை, வெள்ளமாகப் பெருகின. 1837–38 தொடரில் தலைநகர் மாவட்டம் குறித்து மட்டும் 1,30,000-க்கு மேல் வந்தன. ஆடம்ஸின் மேசை நிரம்பி வழிந்தது. வீட்டில் இரவு பகலாக அவற்றைப் பிரித்துப் பட்டியலிட்டார். மனு அளிக்கும் நாளில் மாநில வாரியாக அழைப்பார்கள். மெய்ன் மாநிலத்தில் தொடங்கி வடக்கிலிருந்து தெற்கே வருவதால் மாசசூசெட்ஸின் முறை சீக்கிரமே வந்துவிடும். விதி ஒவ்வொரு தொடரிலும் புதிதாக நிறைவேற வேண்டியிருந்ததால், அது நிறைவேறும் முன் கிடைத்த இடைவெளியில் மனுக்களைக் கொட்டுவார். நிறைவேறிய பின், இந்த மனு அந்த விதிக்குள் வருமா வராதா என்று ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவார். தபாலில் கொலை மிரட்டல்கள் வந்தன. அவற்றையும் நாட்குறிப்பில் ஏற்றினார்.

1837 பிப்ரவரி 6 அன்று நடந்ததைக் கேளுங்கள். ஆடம்ஸ் எழுந்து, என் கையில் ஒரு தாள் இருக்கிறது, 22 அடிமைகள் கையெழுத்திட்டதாகச் சொல்கிறது, இது விதிக்குள் வருமா என்று சபாநாயகரைக் கேட்டார். சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் பின்னாளில் அதிபரான ஜேம்ஸ் போக். அடிமைகளின் மனுவா! அவை கொதித்தெழுந்தது. மனுவை எரிக்க வேண்டும் என்றார்கள், ஆடம்ஸை அவையிலிருந்து தள்ள வேண்டும் என்றார்கள், குற்றவியல் நீதிமன்றத்துக்கு இழுக்க வேண்டும் என்று தென் கரோலினாவின் வாடி தாம்சன் பேசினார். கண்டனத் தீர்மானங்கள் குவிந்தன. எல்லாரும் பேசட்டும் என்று பொறுத்திருந்துவிட்டு ஆடம்ஸ் விளக்கினார்: மனுவை நான் இன்னும் முன்வைக்கவே இல்லை, வைக்கலாமா என்று கேட்டேன், மேலும் அந்த மனு கேட்பது அடிமை ஒழிப்பை அல்ல, அதற்கு நேர்மாறானதை. தம்மைச் சிக்க வைக்க யாரோ எழுதி அனுப்பிய பொய் மனுவாக அது இருக்கலாம் என்று அவருக்கே ஐயம் இருந்தது. கண்டனம் தோற்றது. ஆனால் அடிமைகளுக்கு மனு கொடுக்கும் உரிமை இல்லை என்று அவை பெரும்பான்மையோடு தீர்மானித்தது. ஆடம்ஸ் அதை ஏற்கவில்லை. கெஞ்சிக் கேட்பதற்கு மனிதனாக இருந்தால் போதும், பிச்சைக்காரனின் வேண்டுதலைக் கேட்கச் சுல்தானும் மறுப்பதில்லை என்ற ரீதியில் வாதாடினார்.

அடுத்த ஆண்டு மேரிலாந்து உறுப்பினர் ஒருவர், பெண்கள் வீட்டு வேலையை விட்டுவிட்டு மனு அனுப்புவது அவர்களுக்கும் நாட்டுக்கும் இழிவு என்றார். ஆடம்ஸ் 1838 ஜூன் 16 தொடங்கி ஜூலை 7 வரை, ஒவ்வொரு நாளும் காலையில் கிடைத்த கொஞ்ச நேரத்தில், தொடர்ந்து பதில் சொன்னார். விவிலியத்து எஸ்தர் முதல் விடுதலைப் போர்க்காலப் பெண்கள் வரை சான்று காட்டினார். பெண்களுக்கு வாக்குரிமை இல்லை என்பது அவ்வளவு தெளிவான விஷயமா என்றும் போகிற போக்கில் கேட்டுவைத்தார். பெண் உரிமைக்கான செனிகா பால்ஸ் மாநாடு கூடுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, முன்னாள் அதிபர் ஒருவர் அவையில் எழுப்பிய கேள்வி அது.

அமிஸ்டாட் வழக்கைத் திரைப்படத்தால் பலர் அறிவீர்கள். சியரா லியோனிலிருந்து கடத்தப்பட்டுக் கியூபாவில் விற்கப்பட்ட 53 ஆப்பிரிக்கர்கள் 1839-இல் அமிஸ்டாட் என்ற கப்பலைக் கைப்பற்றினார்கள். லாங் ஐலண்ட் அருகே அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கினார்கள். அவர்களை ஸ்பெயினிடம் ஒப்படைக்க அதிபர் வான் பியூரன் அரசு துடித்தது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு தனக்குச் சாதகமாக வந்தால், மேல்முறையீட்டுக்கு இடம் தராமல் உடனே ஏற்றி அனுப்ப ஒரு போர்க்கப்பலையே நியூ ஹேவனில் நிறுத்தி வைத்திருந்தது. உச்ச நீதிமன்றத்தில் வாதாட ஆடம்ஸை அழைத்தபோது அவருக்கு 73 வயது. அந்த நீதிமன்றத்தில் கடைசியாக வாதாடி 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கை நடுங்குகிறது, கண்ணில் நீர் வடிகிறது, மறதி வந்துவிட்டது என்று தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார். 1841 பிப்ரவரி 24 அன்று நாலரை மணி நேரம், மார்ச் 1 அன்று மேலும் நான்கு மணி நேரம். நீதிமன்றச் சுவரில் தொங்கிய விடுதலைப் பிரகடனத்தைச் சுட்டிக்காட்டி, இந்த வழக்குக்கு வேறு சட்டம் தேவையில்லை என்றார். மார்ச் 9 அன்று அவர்கள் சுதந்திர மனிதர்கள் என்று தீர்ப்பு வந்தது. உயிரோடு எஞ்சிய 35 பேர் ஊர் திரும்பினார்கள். சட்ட நுணுக்கத்தில் வழக்கைத் தாங்கியவர் ராஜர் பால்ட்வின் என்ற வழக்கறிஞர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்; திரைப்படம் அவருக்கு உரிய இடத்தைத் தரவில்லை.

இதற்கிடையே 1840 ஜனவரியில் வாய்ப்பூட்டு இன்னும் இறுகியது. மனுவை வாங்கவே கூடாது என்று நிலையான விதி, 114-க்கு 108 என்ற வாக்கில். வாக்கு வித்தியாசத்தைக் கவனியுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் 49-ஆக இருந்தது ஆறாகச் சுருங்கிவிட்டது.

1842 ஜனவரியில் பெரும் போர். மாசசூசெட்ஸ் ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த 46 பேர் அனுப்பிய மனுவை ஆடம்ஸ் எடுத்தார். வடமாநிலங்களின் பணம் தென்மாநிலங்களைத் தாங்கவே செலவாகிறது, ஆகவே ஒன்றியத்தை அமைதியாகக் கலைத்துவிட வேண்டும் என்பது கோரிக்கை. இதை ஒரு குழுவுக்கு அனுப்பி, ஏன் ஏற்க முடியாது என்று விளக்கிப் பதில் எழுத வேண்டும் என்றார் ஆடம்ஸ். ஒன்றியத்தை உடைப்போம் என்று பத்து ஆண்டுகளாகப் பயமுறுத்தி வந்த தென்மாநிலத்தார், இப்போது தேசத் துரோகம் என்று கூவினார்கள். கென்டக்கியின் தாமஸ் மார்ஷல், ஆடம்ஸை அவையிலிருந்து நீக்குவதே தகும், கருணை கூர்ந்து கடுமையான கண்டனத்தோடு விடுகிறோம் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

74 வயதுக் கிழவர் எழுந்து, விடுதலைப் பிரகடனத்தின் முதல் பத்தியை வாசிக்கச் சொன்னார். அவை எழுத்தர் வாசித்தார். அரசு தன் நோக்கத்துக்குக் கேடாகும்போது அதை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லும் வரிகள் வரும்வரை இன்னும் வாசி, இன்னும் வாசி என்று அதட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் தற்காப்புக்குப் பேசும்போது எந்த விதியும் வாயைப் பூட்ட முடியாது. ஆறு ஆண்டுகளாகப் பேசக்கூடாது என்று தடுத்த அத்தனையையும் அந்தத் தற்காப்பில் பேசினார்: அடிமைச் சந்தை, தென்மாநிலங்களில் கடிதங்களைக் கூடப் பிரித்துப் பார்க்கும் கெடுபிடி, ஐந்தில் மூன்று கணக்கு. தியோடர் வெல்ட் என்ற அடிமை ஒழிப்பாளர் பின்னாலிருந்து நூலகத்தில் ஆதாரங்களைத் தேடிக் கொடுத்தார். பார்வையாளர் மாடம் நாள்தோறும் நிரம்பியது. நாட்டுப் பத்திரிகைகள் வரிவிடாமல் அச்சிட்டன. இரண்டு வாரம் ஆயிற்று. இன்னும் ஒரு வாரம் தேவைப்படும், அல்லது தீர்மானத்தைக் கிடப்பில் போடுங்கள், நானும் நிறுத்திக்கொள்கிறேன் என்றார். பிப்ரவரி 7 அன்று 106-க்கு 93 என்ற வாக்கில் கண்டனத் தீர்மானமே கிடப்பில் போனது. அடுத்த நொடியே தம் மேசையிலிருந்த மற்ற மனுக்களை எடுத்து வரிசையாக முன்வைக்கத் தொடங்கினார். அன்று அவர் வைத்த மனுக்கள் 200-ஐ நெருங்கின.

1844 டிசம்பர் 3 அன்று, வாய்ப்பூட்டு விதியை நீக்கக் கோரும் ஆடம்ஸின் தீர்மானம் 108-க்கு 80 என்று வென்றது. டெக்சாஸை ஒன்றியத்தில் சேர்க்கும் விவகாரத்தில் வான் பியூரனுக்கு வேட்பாளர் வாய்ப்பைத் தட்டிப் பறித்த தென்மாநிலத்தார் மீது வடக்கத்திய ஜனநாயகக் கட்சியினருக்கு இருந்த கோபமும் அன்று உதவியது. கடவுளுக்கு நன்றி என்று நாட்குறிப்பில் எழுதினார்.

ஓர் அறக்கட்டளை மேடையில் நின்றுகொண்டு ஸ்மித்சோனியன் கதையைச் சொல்லாமல் போவது முறையல்ல. அமெரிக்க மண்ணையே மிதிக்காத ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கில அறிவியலாளர், அறிவைப் பெருக்கவும் பரப்பவும் ஒரு நிறுவனம் அமைக்கச் சொல்லி ஐந்து லட்சம் டாலருக்கு மேல் அந்நாட்டுக்கு எழுதி வைத்திருந்தார். 1838-இல் பணம் தங்க நாணயங்களாகக் கப்பலில் வந்தது. கருவூலம் அதை ஆர்கன்சாஸ் முதலிய மாநிலங்களின் கடன் பத்திரங்களில் போட்டது; அவை வட்டி கட்டாமல் கைவிரித்தன. ஒரு மனிதன் அறிவுக்கென்று விட்டுச் சென்ற சொத்து கரைவதை ஆடம்ஸ் தாங்கவில்லை. குழுத் தலைவராக இருந்து, முதலையும் வட்டியையும் அரசே ஈடு செய்ய வேண்டும், மூலதனத்தைத் தொடாமல் வட்டியில்தான் செலவு நடக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடிச் சாதித்தார். 1846-இல் நிறுவனம் எழுந்தது. அதிபராக இருந்து செய்ய முடியாததை உறுப்பினராக இருந்து செய்தார். அதன் பலனை இன்றும் வாஷிங்டன் போகிறவர்கள் நுழைவுக் கட்டணமில்லாத அருங்காட்சியகங்களில் அனுபவிக்கிறார்கள்.

1846-இல் மெக்சிகோ மீது போர் தொடுத்தபோது அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் 14 பேர். அவர்களில் ஒருவர் ஆடம்ஸ். அடிமை மாநிலங்களைப் பெருக்கவே இந்தப் போர் என்பது அவர் முடிவு. அந்த நவம்பரில் பக்கவாதம் தாக்கியது; சில மாதங்களில் அவைக்குத் திரும்பினார். 1848 பிப்ரவரி 21 அன்று மெக்சிகோ போர்த் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானத்துக்கு உரத்த குரலில் இல்லை என்று வாக்களித்தார். சற்று நேரத்தில் தம் மேசையிலேயே சரிந்தார். சபாநாயகர் அறைக்குத் தூக்கிச் சென்றார்கள். 23-ஆம் தேதி அந்த அறையிலேயே உயிர் பிரிந்தது. இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக் குழுவில் இல்லினாய்ஸிலிருந்து புதிதாக வந்த உறுப்பினர் ஒருவரும் இருந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

வாய்ப்பூட்டு உடைந்ததும் அடிமை முறை உடைந்துவிடவில்லை. மனுக்கள் குழுக்களுக்குப் போயின, அங்கே தூங்கின. ஆனால் 1836 மே மாதத்திலேயே ஆடம்ஸ் அவையில் ஒன்று சொல்லியிருந்தார்: அடிமை மாநிலங்கள் போர்க்களமானால், போர்க்கால அதிகாரத்தைக் கொண்டு அடிமை முறையில் கைவைக்க முடியும். உள்நாட்டுப் போர் மூண்டபோது செனட் உறுப்பினர் சார்ல்ஸ் சம்னர் முதலியோர் அந்த வாதத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் வெளியிட்ட விடுதலை ஆணை போர்க்கால அதிகாரத்தின் மீதுதான் நின்றது. அதற்கு எட்டு மாதங்கள் முன்னதாக, 1862 ஏப்ரல் 16 அன்று, கொலம்பியா மாவட்டத்தில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார். பென்சில்வேனியா மக்கள் அந்த 15 மனுக்களில் கேட்டது 30 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. 3,000-க்கு மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். ஆளுக்கு 300 டாலர் வரை இழப்பீடு கொடுக்கவும் சட்டம் வழி செய்தது. அந்தப் பணம் போனது எசமானர்களுக்கு.